மலை வீட்டுக்குக் கைவேலைச் சாமான்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டை எடுத்து, ஒன்பது வருடமாக அதற்கு ஒவ்வொரு சாமானாகச் செய்து சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டைப் பார்க்க வருபவர்கள், போனில் பிடிப்பவர்கள், ஊட்டியிலும் குன்னூரிலும் புதிதாக இடம் வாங்கியவர்கள் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, நான் சொல்லும் பதிலையும் கீழே வைத்திருக்கிறேன். மேலே ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை, அதனால் முதலிலிருந்தே படித்துக்கொண்டு வந்தால் நல்லது.

ரஸ்டிக் ரஸ்டிக்னு சொல்றாங்களே, அது என்ன? பழைய சாமானா வாங்கிப் போட்டா ரஸ்டிக் ஆயிடுமா?

ஆகாது. பழசு வேறு, இது வேறு. மரத்தின் கணு, வளைவு, பட்டை இருந்த தடம், உளி போன தடம் இதையெல்லாம் மறைக்காமல், கையால் செய்த உறுதியான சாமானைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். புதுப் பலகையைச் சங்கிலியால் அடித்து, கறுப்புச் சாயம் தேய்த்து, பழசு மாதிரி ஆக்கி விற்கிறார்கள். அது வெறும் வேஷம், இரண்டு மழைக்குள் சாயம் வெளுத்துவிடும்.

நம் மலைக்கு இது ஒன்றும் புதிதில்லை. இங்கே காலங்காலமாக வாழும் தோடர் பழங்குடியினரின் மந்துகளில், அதாவது குடியிருப்புகளில், இருக்கும் அரைப் பீப்பாய் வடிவ வீட்டைப் பாருங்கள். மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, மேலே புல் வேய்ந்து, குனிந்து தவழ்ந்து போகிற அளவுக்குச் சின்ன வாசல் வைத்தது. குளிர் உள்ளே வராது, ஆணி ஒன்றுகூடத் தேவையில்லை. கனடாக் காட்டு வீட்டுப் படத்தைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன்னால் இதை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

வீடு வாங்கியாச்சு அண்ணா, முதல்ல என்ன வாங்கணும்?

ஒன்றும் வாங்காதீர்கள். ஒரு மழைக்காலம் பாய், கட்டில், இரண்டு நாற்காலியோடு இருந்து பாருங்கள். எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, எந்த ஜன்னல் வழியாகச் சாரல் வருகிறது, மூடுபனி எந்தப் பக்கமிருந்து உள்ளே நுழைகிறது, வெயில் எந்த மூலையில் எத்தனை மணிக்கு விழுகிறது என்று அப்போதுதான் தெரியும். நீலகிரியில் எல்லா ஊருக்கும் ஒரே மழையும் கிடையாது. கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூனில் வரும் தென்மேற்குப் பருவமழைதான் கொட்டும். குன்னூரும் கோத்தகிரியும் அக்டோபருக்கு மேல் வடகிழக்கில் நனையும்.

ஓதம் ஏறும் சுவரில் அலமாரி வைத்தால் அது எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் முதல் செலவு மரத்துக்கு இல்லை, கூரையில் ஒழுகும் ஓட்டுக்கும் சுவரோரத்துத் தண்ணீர் வழிக்கும்தான்.

கோயம்புத்தூர்லயே நல்ல தேக்குல செஞ்சு மேல ஏத்திட்டா வேலை முடிஞ்சுது, எதுக்கு இவ்வளவு யோசனை?

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கீழே ஒரு கடையில் தேக்கு மேஜை செய்து லாரியில் ஏற்றிவந்தேன். முதல் நவம்பரில் அதன் இழுப்பறை திறக்கவே இல்லை. அடுத்த வருடம் மேல் பலகை நடுவில் மேடு தட்டி, ஓரத்துச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. மரத்தின் மேல் குற்றமில்லை, கீழ்நாட்டுக் காற்றில் காய்ந்த மரம் மேலே வந்து தண்ணீர் குடித்தது, அவ்வளவுதான்.

மரம் சுற்றியிருக்கும் காற்றுக்கு ஏற்ப ஈரத்தை வாங்கும், விடும். கீழே 10 முதல் 12 சதவீத ஈரத்தில் இருக்கும் பலகை, மூடுபனி மாதங்களில் மலையில் 17, 18 வரை போகும். நீளவாக்கில் ஒன்றும் ஆகாது, அகலவாக்கில்தான் உப்பும். மூன்றடி அகலத் தேக்குப் பலகை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் விரியும். தேக்காவது பரவாயில்லை, மற்ற மரங்கள் இன்னும் அதிகம். அதனால் பலகையை வாங்கிவந்து உங்கள் வீட்டுக்குள்ளேயே, நடுவில் குச்சி வைத்து அடுக்கி, குறைந்தது ஒரு பருவம் படுக்கப்போடுங்கள். அப்புறம் இங்கேயே ஆசாரியை வைத்துச் செய்யுங்கள். மரத்தின் ஈரம் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டால் யார் சொல்வதையும் நம்ப வேண்டியதில்லை.

அமுக்கிய மரத்தூள் பலகையில் செய்த சாமான்களை மேலே கொண்டுவரவே வேண்டாம். ஓரம் பிஸ்கட் மாதிரி ஊதிவிடும். சமையலறைக்குப் பிளைவுட் போட்டே ஆகவேண்டும் என்றால் ஐ.எஸ். 710 தர முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் வகை கேளுங்கள்.

அப்ப எந்த மரம்தான் போடறது? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

இந்த மலையிலேயே வளர்ந்து, வெட்டினால் காட்டுக்கு நஷ்டம் இல்லாத மரம். வெள்ளைக்காரர் காலத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டவை நிறைய உண்டு: சீகை என்று நாம் சொல்லும் வாட்டில், கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸ், பிளாக்வுட், தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக். சீகை புல்வெளியையே விழுங்கிவிட்டது, அதை எடுத்துப் பயன்படுத்துவது நல்ல காரியம். ஈட்டி, சோலை (இந்த மலையின் சொந்தக் காடு) மரங்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். சோலையில் ஒரு மரம் அந்தத் தடிமனுக்கு வர எத்தனை தலைமுறை ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

என் அனுபவத்தில் மேஜை, கட்டிலுக்கு பிளாக்வுட்தான் ராஜா. வைரம் பாய்ந்த பகுதி பழுப்பாக, தேன் கலந்த மாதிரி ஓடும் ரேகையோடு இருக்கும், பாலிஷே வேண்டாம் போலிருக்கும். சில்வர் ஓக் லேசானது, அறுத்தால் வெள்ளிச் செதில் மாதிரி மின்னும், அலமாரிக் கதவுக்கும் சுவர்ப் பலகைக்கும் நல்லது, காலுக்கு வேண்டாம். கற்பூர மரம் காயும்போது முறுக்கும், வெடிக்கும், ஆகவே பலகையாக வாங்காமல் உருட்டுக் கட்டையாகவே தூணுக்கும் கைப்பிடிக்கும் வையுங்கள். சைப்ரஸ் கிடைத்தால் விடாதீர்கள். பெட்டிக்குள் அந்த வாசனைக்கே பூச்சி வராது. எந்த மரமானாலும் ஓரத்து வெள்ளைப் பகுதியைக் கழித்துவிடச் சொல்லுங்கள், உளுத்துப்போவது அங்கேதான் ஆரம்பிக்கும்.

என் நிலத்துல நிக்கிற மரம்தானே, நானே வெட்டி அறுத்துக்கலாமா?

அனுமதி இல்லாமல் முடியாது. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் பட்டா நிலத்து மரத்துக்கும் அனுமதி வேண்டும். நீலகிரி அதில் வருகிறது. வெட்டிய பிறகு வண்டியில் ஏற்றிப்போவதற்கும் விதிகள் உண்டு. வாங்கும் மரத்துக்கு ரசீதும் அனுமதித் தாளும் கேட்டு வாங்கி வையுங்கள், சோதனைச் சாவடியில் உங்களைத்தான் நிறுத்துவார்கள்.

பழைய பங்களா இடிக்கும்போது வரும் உத்தரம், நிலை, தரைப் பலகை இதற்கெல்லாம் நான் எப்போதும் காத்திருப்பேன். நூறு வருடம் இதே குளிரில் இருந்து பழகிய மரம், கீழேயிருந்து வரும் பலகை மாதிரி அது தொல்லை கொடுக்காது.

காட்டோரம் விழுந்து கிடந்த வேர்க்கட்டை, மான் கொம்பு எடுத்து வச்சிருக்கேன், சுவர்ல மாட்டினா நல்லாருக்கும்ல?

வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து விழுந்த கட்டையை எடுப்பதும் குற்றம்தான். கொம்பு விஷயம் இன்னும் கடுமை: தானாக உதிர்ந்த கடமான் கொம்பாக இருந்தாலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைக்கக் கூடாது. தோலும் அப்படித்தான். விழுந்த கட்டை வீணாகவும் போகாது, பாசியும் காளானும் பூச்சியும் அதில்தான் வாழ்கின்றன.

தேயிலைச் செடித் தூர்ல கண்ணாடி வச்சு டேபிள் விக்கிறாங்களே, தாங்குமா?

தாங்கும், எனக்கு மிகவும் பிடித்த சாமான் அதுதான். கவாத்து செய்து செய்து ஐம்பது, அறுபது வருடம் இடுப்புயரத்திலேயே நிறுத்திய செடி, உள்ளே முறுக்கேறிக் கல் மாதிரி ஆகியிருக்கும். தோட்டத்தில் பழைய செடியைப் பிடுங்கிப் புதுசு நடும்போது இந்தத் தூர்கள் விறகுக்குப் போகின்றன. அதை மண் போகக் கழுவி, பட்டை உரித்து, நிழலில் ஒரு வருடமாவது காயவைத்திருக்க வேண்டும்.

வாங்கும்போது கவிழ்த்துப் பாருங்கள். வேர் இடுக்கில் மண் இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், எறும்பும் கரையானும் கூடவே வரும். கண்ணாடி குறைந்தது மூன்று இடத்தில் உட்கார வேண்டும், ஓரம் மழுக்கியிருக்க வேண்டும். வார்னிஷ் கெட்டியாக அப்பியிருந்தால் வாங்காதீர்கள், அதற்குள் வெடிப்பை மறைத்திருப்பார்கள்.

உண்ணிச்செடியில நாற்காலியா? அது முள்ளுச்செடி ஆச்சே!

முள்ளுச்செடிதான், ஆனால் அதைவிட இந்த மலைக்கு ஏற்ற சாமான் வேறு இல்லை என்றே சொல்வேன். லண்டானா என்கிற இந்த உண்ணிச்செடி அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, இன்று முதுமலையில் பெரும் பரப்பை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் அடியில் புல் முளைக்காது, மானுக்கும் யானைக்கும் தீனி குறைகிறது. அதை வெட்டி எடுத்து வேலைப்பாடு செய்தால் காட்டுக்கும் லாபம், செய்பவர் வீட்டுக்கும் லாபம். கூடலூர்ப் பக்கம் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் சமூகத்துக் கலைஞர்கள் இதே குச்சியில் ஆளுயரத்துக்கும் மேல் நிஜ அளவு யானைகள் செய்தார்கள், 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன.

செய்முறை எளிது, பொறுமை வேண்டும். நேரான குச்சிகளை வெட்டி, பீப்பாய்த் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, சூட்டோடு பட்டையை உரித்து, சூட்டோடே வளைக்க வேண்டும். ஆறினால் வளையாது, உடையும். ஆணி அடிக்கும் இடத்தில் முதலில் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் குச்சி பிளக்கும். எடை தாங்கும் சட்டத்துக்கு மட்டும் தடித்த கற்பூர மரக் கட்டை. பிரம்பு நாற்காலி மாதிரியே இருக்கும், உட்கார்ந்தால் கொஞ்சம் கொடுக்கும். கரையானும் உளுவும் இதை அவ்வளவாகத் தொடுவதில்லை. மழையில் நேரடியாக நனையாத இடத்தில் வைத்தால் போதும்.

மூங்கில் சோபா வாங்கி ஆறு மாசம்கூட ஆகல, அடியில மஞ்சளா மாவு கொட்டுது. ஏன்?

துளைப்பூச்சி. மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துதான் அதற்குச் சாப்பாடு. தேய்பிறையில் வெட்டு என்று பெரியவர்கள் சொல்வதும், வெட்டிய மூங்கிலை வாரக்கணக்கில் ஓடும் தண்ணீரில் ஊறப்போடுவதும் அந்தச் சத்தைக் குறைக்கத்தான். இப்போது போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த நீரில் ஊறவைக்கிறார்கள், அது இன்னும் நம்பகம். வாங்கும்போதே 'என்ன மருந்தில் ஊறவைத்தீர்கள்' என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள். ஏற்கெனவே மாவு கொட்டினால் அந்தக் கரைசலை ஓட்டைக்குள் ஊசியால் ஏற்றி, வெயிலில் காயவைத்து, பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள்.

பாலிஷ் எது போடலாம்? ஆசாரி பிரெஞ்சு பாலிஷ்ங்கறார், பெயின்டர் பி.யூ.ங்கறார்.

அரக்கில் செய்யும் பிரெஞ்சு பாலிஷ் அழகு, ஆனால் மூடுபனி நாளில் போட்டால் வெள்ளை படரும், சூடான டம்ளர் வைத்தால் வட்டம் விழும். பி.யூ. என்கிற பாலியூரிதேன் பூச்சு கண்ணாடி மாதிரி மூடிவிடும். கை வேலையின் தடம் தெரியட்டும் என்றுதானே இந்தச் சாமானே செய்கிறோம், அதை எதற்கு மூட வேண்டும்? மேலும் ஓரிடத்தில் கீறினால் முழுவதும் சுரண்ட வேண்டும்.

நான் போடுவது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும். மலைத்தேன் எடுக்கும் குறும்பர்களிடமிருந்து வரும் மெழுகு கோத்தகிரியிலேயே கிடைக்கும். ஒரு பங்கு மெழுகை நான்கு பங்கு எண்ணெயில், சட்டியை நேரடியாக அடுப்பில் வைக்காமல் கொதிநீரின் மேல் வைத்து உருக்குங்கள். வெயில் நாளில் தேய்த்து, கால்மணி கழித்துத் துடைத்தெடுங்கள். வருடம் ஒருமுறை போதும், கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தேய்க்கலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து வெளியே வையுங்கள்.

தரைக்கும் சோபாவுக்கும் என்ன துணி?

தரைக்கு பவானி ஜமுக்காளம். தடித்த பருத்தி, துவைக்கலாம், வெயில் வந்த அன்று வேலியில் போட்டு எடுக்கலாம். ரப்பர் அடிப்பாகம் வைத்த கம்பளம் மரத்தரையின் ஈரத்தை அடைத்துவிடும். போர்த்திக்கொள்ள முரட்டுக் கம்பளி, அது கொஞ்சம் ஈரம் வாங்கினாலும் கதகதப்பு போகாது.

தோடர் பூவேலை வேண்டுமா, உண்மையானதை வாங்குங்கள். வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்பும், கோடு வரையாமல் இழையை எண்ணி எண்ணிப் பெண்கள் போடும் தையல் அது. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சடித்த போலியும் உண்டு, திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அந்தப் பூவேலை போட்ட போர்வையை அவர்கள் இறந்தவர்களுக்கும் போர்த்துகிறார்கள். மிதியடிக்கும் நாய்ப் படுக்கைக்கும் அதை வெட்டாதீர்கள், சுவரிலோ திண்டிலோ மரியாதையாக வையுங்கள்.

குறும்பர் ஓவியம், கோத்தர் பானையெல்லாம் விலை ஜாஸ்தி சொல்றாங்களே அக்கா, பேரம் பேசலாமா? (என் மனைவியிடம் ஒருவர் கேட்டது)

அவளுடைய பதிலையே எழுதுகிறேன்: பேசாதீர்கள். கோத்தர் பெண்கள் செய்யும் பானைக்கு மண் எடுப்பதிலிருந்து சூளை வரை எத்தனை நாள் என்று கேட்டுப் பாருங்கள். குறும்பர் ஓவியத்தின் பழுப்பு, வேங்கை மரப் பிசினிலிருந்து வருவது. வெள்ளரிக்கொம்பை என்ற ஊருக்குப் பக்கத்துப் பாறையில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன, அந்தக் கை இன்னும் ஓடிக்கொண்டிருப்பது நம் அதிர்ஷ்டம். பத்து மலிவுப் பொருளுக்குப் பதில் ஒன்று வாங்குங்கள். ஓவியத்தை ஓதச் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்.

அலமாரித் துணியெல்லாம் பூஞ்சணம் பிடிக்குது, என்ன செய்ய?

சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். காலுக்கு அடியில் கடப்பாக்கல் துண்டு. பின்பலகைக்கும் கதவுக்கும் மூடிய பலகைக்குப் பதில் பிரம்புப் பின்னல் போடுங்கள், காற்று ஓடும். ஊட்டிப் பழைய வீடுகளில் அலமாரிக்குள் ஒரு சின்னக் குண்டு பல்பு எரியும், அந்தச் சூடே ஈரத்தை விரட்டிவிடும். துணி தொடாதபடி கம்பிக் கூண்டு கட்டாயம். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, சூடு வராது.

கணப்பு வச்சே ஆகணும்னு பசங்க பிடிவாதம். மரச்சாமானுக்கு ஆபத்தா?

நாலடி தள்ளியிருந்தால் ஆபத்தில்லை. ஈர மலையில் ஒரு பக்கம் மட்டும் சூடானால் மரம் வெடிக்கும், அதனால் வைரமான சாமானைக் கணப்புக்கு எதிரே வைக்க வேண்டாம். அடுப்புக்கு மேல் தட்டு கல்லாக இருக்கட்டும். காய்ந்த சீகை விறகு நன்றாக நின்று எரியும். பைன் பிசின் புகைப்போக்கியில் படியும், வருடம் ஒருமுறை கரி எடுக்காவிட்டால் போக்கியே தீப்பிடிக்கும்.

போக்கி இல்லாத அறையில் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது இந்த மலைகளில். வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் இதை அறையிலேயே எழுதி ஒட்டுங்கள்.

வெளியே பெஞ்ச் போடலாமா? எங்க பக்கம் காட்டெருமை வரும், கரடி வேற.

போடலாம், கல்லில். இரண்டு கருங்கல் கால், மேலே தடித்த சைப்ரஸ் பலகை, கழற்றி உள்ளே எடுக்கும்படி. காட்டெருமை முதுகு சொறிய உரசினால் மூங்கில் பெஞ்ச் நிற்காது. நான் சொன்ன மெழுகு எண்ணெயை வெளிச்சாமானுக்குப் போடாதீர்கள், கரடிக்குத் தேன் வாசனையும் எண்ணெய் வாசனையும் எவ்வளவு பிடிக்கும் என்று கோத்தகிரியில் விளக்கெண்ணெய் தேடிக் கதவு உடைபட்ட வீட்டுக்காரர்களைக் கேளுங்கள். வெறும் மரமாகவே விடுங்கள், சாம்பல் நிறமாகும், அதுவும் அழகுதான்.

படம் காட்டித்தான் ஆசாரிகிட்ட சொன்னேன், செஞ்சு வந்தது வேற மாதிரி. யார் மேல தப்பு?

படத்தில் அளவு இருக்காது, மரம் தெரியாது. கையிலிருக்கும் கட்டையை அவர் முன்னால் வைத்து, 'இதில் என்ன வரும்' என்று கேளுங்கள். வளைந்த கிளையைப் பார்த்ததும் நாற்காலிக் கை அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். உயரத்தை மட்டும் நீங்கள் உட்கார்ந்து அளந்து சொல்லுங்கள்.

மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். இணைப்பு குடுமியும் துளையுமாக (ஒரு கட்டையின் முனை இன்னொன்றின் துளைக்குள் இறங்குவது) இருக்க வேண்டும், வெறும் பசையால் ஒட்டியது வேண்டாம். திருகாணி பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ, இரும்பானால் ஈரத்தில் மரத்தில் கறுப்புக் கறை இறங்கும். அகலப் பலகையை இறுக்கி அடைக்காமல், உப்புவதற்கு இடம் விட்டுப் பொருத்த வேண்டும் (ஏன் என்று மூன்றாவது பதிலில் இருக்கிறது). பெரிய மேஜை, கட்டிலை ஆப்பு தட்டிக் கழற்றுகிற மாதிரி கேளுங்கள், நம் ஊர்ச் சந்துப் படிக்கட்டில் முழுசாக ஏறாது.

நாங்க சென்னையில இருக்கோம், வீடு வருஷத்துல பாதி நாள் பூட்டியே கிடக்கும். அப்பவும் இதெல்லாம் சரிப்படுமா?

இதுதான் கஷ்டமான கேள்வி. பூட்டிய மலை வீட்டில் எந்தச் சாமானும் கெடும், விலை எவ்வளவு என்று பார்க்காது. அப்படியென்றால் குறைவாக வையுங்கள்: பிளாக்வுட் கட்டில், உண்ணிச்செடி நாற்காலிகள், ஒரு தூர் மேஜை. மெத்தை, கம்பளி, ஓவியத்தைப் போகும்போது சைப்ரஸ் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். இழுப்பறையும் அலமாரிக் கதவும் திறந்தே இருக்கட்டும். ஜன்னலுக்கு மேல் கம்பி வலை போட்ட காற்றுத் துளை ஒன்றாவது வேண்டும்.

எல்லாவற்றையும்விட, பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சாவி கொடுங்கள், மாதச் சம்பளம் பேசி. வெயில் அடிக்கும் நாளில் வாரம் இரண்டு முறை கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, மாதம் ஒருமுறை கணப்பு மூட்டி, அணையும்வரை கூடவே இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் வீட்டுக்கு எதிரில் இருக்கும் பாட்டி மூன்று வீட்டுக்கு இப்படிச் செய்கிறார். அந்த மூன்று வீட்டிலும் இதுவரை ஒரு நாற்காலி உளுத்ததில்லை.